தூறல் என்கிற குழாய்க்காரர்

"எடுக்காதேங்கறேன்!"

"கையை எடுங்க அண்ணி, போர்வை கிழியுது!"

"கிழிஞ்சா கிழியட்டும். வேன்ல வர்ற பிள்ளைங்க பார்க்கட்டும். நாலு பேர் சிரிச்சா நாளைக்கே நின்னுடும்."

"சிரிச்சா நின்னுடுமா? நீங்க பேசுறதைக் கேட்டு இந்த மாடியே சிரிக்குது. அது மட்டும் ஏன் நிக்கல?"

பால்கனிக் கம்பியில் கிடந்த ஈரப் போர்வையின் ஒரு முனை அம்மாவின் கையில், மறுமுனை நாத்தனாரின் கையில். விருந்துக்கு வந்த நாத்தனார், குழந்தை ராத்திரி தூக்கத்தில் நனைத்த கறை தெருவுக்குத் தெரியும்படி அதைத் திருப்பிப் போட்டிருந்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், ஒரு காலில் ஷூவோடு சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். போர்வை உள்ளே வந்தால்தான் பள்ளிக்கூடம் போவாளாம்.

அப்பா ஹாலில் உட்கார்ந்து ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தார். அரைமணி நேரமாகத் தேடுகிறார். அது அவர் கையிலேயே இருந்தது.

"என்னங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? உங்க அக்காகிட்டச் சொல்லுங்களேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா பேசினா நல்லாயிருக்கும்" என்றார் அவர், ஸ்பேனரைப் பார்த்து.

அவர் பிளம்பர். ஊர் ஒழுக்கையெல்லாம் அடைக்கிறவர். மகளையும் மொட்டைமாடித் தொட்டி என்றே நினைத்துவிட்டார். வரவை மூடினால் செலவு தானாக நிற்குமாம். பள்ளிவிட்டு வந்ததும் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டார். குழந்தை வாய் கொப்பளிக்கிற தண்ணீரைத் திருட்டுத்தனமாக விழுங்கியது. வயிறு கல்லாக இறுகியது. போர்வை முன்பைவிட அதிகமாக நனைந்தது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்த கதைதான்.

"டாக்டர் என்ன சொன்னாங்க? பகல்ல நல்லா தண்ணி குடுங்க, மலச்சிக்கல் இல்லாம பாத்துக்குங்க, படுக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் கூட்டிப்போங்க, திட்டாதீங்க. தூங்குற குழந்தைக்கு அது தெரியவே தெரியாதுன்னாங்க."

"டாக்டரம்மாவுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவா. துவைக்கிறது யாரு?"

"நீங்க எப்ப அண்ணி துவைச்சீங்க? தொங்கவிடறதுக்கு மட்டும்தானே வர்றீங்க?"

"எல்லாம் உங்க வீட்டு ரத்தம்."

இந்த வாக்கியம் டாக்டரின் அறையில் பிறந்தது. 'அம்மா, அப்பா யாருக்காவது சின்ன வயசுல இருந்துச்சா?' என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். 'எங்க பக்கம் கிடையவே கிடையாது' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன கணவர், பழியை இறக்கிவைக்க இடம் தேடுவதுபோல மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அன்று முதல் அவளுடைய அப்பா, தாத்தா, ஒன்றுவிட்ட சித்தப்பா எல்லோரும் வரிசையாகப் படுக்கையை நனைத்தவர்களானார்கள்.

"பிள்ளை வளர்க்க எனக்கா சொல்லித்தர்றே?" நாத்தனாருக்குச் சூடு ஏறிவிட்டது. "எங்க அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. இவனை வளர்த்ததே நான்தான். அஞ்சாவது முடியறவரைக்கும் தினமும் இவன் போர்வையை வாசல்லதான் காயப்போட்டேன். தெருப் பிள்ளைங்க பூரா 'தூறல் வந்திருச்சு, தூறல் வந்திருச்சு'ன்னு கூவும். அந்தப் பேரே அப்படித்தானே வந்துச்சு! அப்புறம் நின்னுச்சா இல்லையா?"

ஹாலில் ஸ்பேனர் கீழே விழுந்தது.

கீழே நிற்கும் அவருடைய வண்டியில் 'தூறல் பிளம்பிங்' என்று நீல எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது. காய்ந்த குழாயிலும் தூறல் விழவைப்பவன் என்று ஊர் கொடுத்த பட்டம் அது, கல்யாணமான புதிதில் அவர் அப்படித்தான் சொன்னார். மனைவி நம்பினாள். பக்கத்து வீட்டிலும் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

"ஓகோ" என்றாள் இப்போது. "காய்ஞ்ச குழாயில தூறலா? நல்லாத்தான் விழுந்திருக்கு."

"அது வந்து..."

"வரட்டும், வரட்டும். எங்க வீட்டு ரத்தமாம்! இப்ப எந்த வீட்டு ரத்தம்னு டாக்டர்கிட்டப் போய்ச் சொல்றீங்களா, இல்ல அதையும் வண்டியில எழுதிக்கிறீங்களா?"

"நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்றார் நாத்தனார்.

"தெளிவாத்தான் சொன்னீங்க அண்ணி. அஞ்சாவது முடியறவரைக்கும் தினமும் தொங்கவிட்டும் நிக்கல. தானா நின்னதுக்கு நீங்க பேர் வாங்கிக்கறீங்க. நான் கூவலேன்னா பொழுதே விடியாதுன்னு சேவல் சொல்லிச்சாம்."

தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. அப்பா எழுந்து பால்கனிக்குப் போனார். இரண்டு கைகளிலிருந்தும் போர்வையைப் பிடுங்கிக் கறையை உள்ளே மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"டேய் தூறலு, இப்படி இடங்கொடுத்தா பிள்ளை கெட்டுப்போகும்டா."

"அக்கா, இனிமே அந்தப் பேரைச் சொல்லாதே."

"அப்ப வண்டி?" என்றாள் மனைவி. அவள் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் அல்ல.

அவர் சமையலறைக்குப் போய், மகளின் தண்ணீர் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பிக் கொண்டுவந்தார். மேசைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து அடுத்த ஷூவை நீட்டினார். சின்னக் கால் ஒன்று மெல்ல வெளியே வந்தது. அவர் லேஸைக் கட்டக் கட்ட, அது அவிழ்ந்துகொண்டே இருந்தது.

மகள் அவர் அக்குளிலிருந்த போர்வையைப் பார்த்தாள்.

"அப்பா, உங்க போர்வையை யாருப்பா உள்ள எடுத்தாங்க?"