எதிரி பெயர் இல்லாத பிராது

மஸ்கட்டிலிருந்து வந்த விமானம் ஒன்று ஏழு மாதமாக விருத்தாசலத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அதில் கோளாறு ஒன்றும் இல்லை. இறங்கு என்று சொல்ல விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். பாதிப் பேர் ஓய்வு பெற்றுப் போய்விட, மிஞ்சியவர்கள் திணறிப்போய், நீ கொஞ்சம் பொறு என்று இதை மட்டும் இந்தப் பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். எண்ணெயும் தீரவில்லை, உள்ளே சாப்பாடும் தீரவில்லை. பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை அதன் நிழல் ஜங்ஷனைத் தாண்டி, பீங்கான் தொழிற்பேட்டையில் காயும் பொம்மைகள் மேல் ஏறி, மணிமுத்தாற்றுப் பக்கம் போகும். முதல் வாரம் ஊரே அண்ணாந்து பார்த்தது. அப்புறம் தக்காளி விலை ஏறவே ஊர் அதைப் பேசப் போய்விட்டது.

தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் அம்சவல்லிக்கு மட்டும் அது பழகவில்லை. நான்கு வருடம் கழித்து ஊர் திரும்பும் அவள் கணவன் தேவநாதன் அந்த விமானத்தில்தான் இருந்தான். "நம்ம வூட்டு மாடியில செவப்புப் பொடவ காயுது, தெரியுது" என்று போன் செய்வான். அவள் மாடிக்கு ஓடுவதற்குள் விமானம் கடந்துபோயிருக்கும். உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள், எழுந்தால் நடப்பாள். அவள் எழுதிய கண்களெல்லாம் மேலேயே பார்த்தன. முதலாளி திட்டினார். பிறகு கேரளத்து வியாபாரி அந்தப் பொம்மைகளையே கேட்டு வாங்கவும் திட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

ஆள் எடுக்க வேண்டிய அதிகாரி அன்புச்செல்வனுக்கு ஒரே கவலை, விளம்பரத்தை எங்கே போடுவது என்பது. ஆங்கிலப் பத்திரிகையில் போட்டார். வந்தவர்கள் எல்லோரும் விமானம் ஓட்ட ஆசைப்பட்டார்கள், ஓட்டுபவனுக்கு வழி சொல்ல யாருக்கும் ஆசையில்லை. இணையத்தில் போட்டார். ஒரே நாளில் நாற்பதாயிரம் விண்ணப்பம். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள், திரையில் நான்கு விமானத்தைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பவே இல்லை. கல்லூரிகளில், வீட்டிலிருந்தே பார்க்கலாமா சார் என்று கேட்டார்கள். விமானம் சுற்றுகிற ஊரிலாவது யாருக்காவது ரோஷம் வராதா என்று நோட்டீஸ் கட்டோடு விருத்தாசலத்துக்கே வந்து லாட்ஜில் தங்கி, ஊரெல்லாம் ஒட்டினார். மறுநாள் காலை அத்தனையின் மேலும் கண்ணீர் அஞ்சலியும் காதணி விழாவும் ஒட்டியிருந்தன.

கையில் கிடைத்த ஒரு நோட்டீஸோடு அம்சவல்லி கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். எங்கு போயும் தீராத வழக்கை இந்தப் பக்கத்து ஜனங்கள் பிராதாக எழுதி அங்கேதான் கட்டுவார்கள். யார்மேல் குறையோ அவர் பெயரும் ஊரும் எழுத வேண்டும். குறை தீரும்வரை சாமி அவரை நிம்மதியாக இருக்கவிடாது.

"எதிரி பேரு சொல்லும்மா" என்றார் பிராது எழுதித் தரும் சாமிக்கண்ணு.

"தெரியாதுங்க."

"எந்த ஊரு?"

"அதுவும் தெரியாதுங்க. ஆனா எங்கியோ இருக்காங்க. இருந்துகிட்டே வராம இருக்காங்க."

நோட்டீஸைப் பார்த்து அவளே சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: பதறாத குரலும், பத்து விஷயத்தை ஒரே நேரத்தில் மனதில் வைக்கும் புத்தியும் இருந்தும், இந்த வேலைக்கு வராமல் இருப்பவர். இப்படி ஒரு எதிரியைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று முணுமுணுத்தபடி நோட்டீஸையும் சேர்த்து மடித்துக் கொடுத்தார். அவள் அதைக் கோயில் வளாகத்து முனியப்பர் சந்நிதியில் கட்டினாள்.

மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் பாவாடைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நிமிட இடைவெளியில் ஏழு பஸ்களை, கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளாமல், இருபது வருடமாக அனுப்பிவைத்தவர் அவர். வேப்பூர் ஓட்டலில் முப்பது மேசை ஆர்டரை எழுதாமலே சொல்லும் பூங்கோதைக்கும் அதே தவிப்பு. இருவரும் எதற்கென்றே தெரியாமல் அன்புச்செல்வனின் லாட்ஜ் வாசலில் வந்து நின்றார்கள். "உக்கார முடியலைங்க சார். காலு இங்க இழுத்துகிட்டு வருது" என்றார் பாவாடை. பரீட்சைத் திரையின்முன் உட்காரவைத்தபோதுதான் அவர் கால் ஓரிடத்தில் நின்றது. வயது வரம்பு என்ற வரியைப் பேனாவால் அடித்துவிட்டு அதிகாரி இருவரையும் எடுத்துக்கொண்டார்.

மூன்று மாதப் பயிற்சி முடிந்து கோபுரத்தில் ஏறிய முதல் நாள் பாவாடை மைக்கைப் பிடித்தார். "மஸ்கட்டு வண்டி, உனக்குத்தான் டைம். முன்னால யாருமில்ல. நிதானமா வா." விமானம் இறங்கியது.

தேவநாதன் அன்று சாயங்காலமே வீடு வந்தான். அவன் பாதம் மட்டும் தரையைத் தொடவில்லை, நான்கு விரற்கடை உயரத்திலேயே நின்றது. பத்து மாதம் மேலேயே இருந்தவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்றது ஊர். செருப்புத் தேயாமல் மிச்சம் என்றாள் பக்கத்து வீட்டு வீரம்மாள். அம்சவல்லிக்கு மட்டும் அவன் பறந்துவிடுவானோ என்று பயம். காற்றடித்தால் கதவைச் சாத்தினாள். நாளுக்கு நாள் கொஞ்சம் இறங்குவான், பிராதுதான் அவனைக் கீழே இழுக்கிறது என்று நம்பினாள்.

அப்போதுதான் பாவாடையின் மனைவி விருத்தாம்பாள் தேடி வந்தாள். "பிராத நீதான் கட்டுனியாம். வேல கெடச்சது நல்லதுதாம்மா. ஆனா வேல நேரம் போவ மத்த நேரம் ஒரு வாய் சோறு உக்காந்து திங்கல. ஆளு பாதியாயிட்டாரு. வாபஸ் வாங்கிடும்மா."

அம்சவல்லி மறுநாள் கணவனைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

"கொற மிச்சமிருந்தா வாபஸ் வாங்கக்கூடாதும்மா" என்றார் சாமிக்கண்ணு. "முழுசா எறங்கிட்டாரா?"

அவள் குனிந்து அவன் பாதங்களைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது.

"எறங்கிட்டாருங்க" என்றாள். "மீதி நாலு விரக்கட. அத நான் பாத்துக்கறேன்."

பிராது வாபஸான அன்று மதியம் பாவாடை சம்மணம் போட்டு உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, யாரும் இழுக்காமலே கோபுரம் ஏறினார். அம்சவல்லி பஸ்ஸில் கணவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, தன் கையை அவன் மடிமேல் அழுத்தி வைத்துக்கொண்டாள்.