தோண்டினால் மூடு

சவரிநாதன் பூங்காவில் முதல் குழியைக் கண்டவர் கஸ்பார்தான். காலை நடைக்கு வந்தவர், அரளிப் பாத்தி ஓரம் புல் பெயர்ந்து கிடப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். பெருச்சாளி வேலையாக இருக்கும் என்றான் காவலாள் ஈஸ்வரன். பெருச்சாளி மண்வெட்டி வைத்துச் சதுரமாக வெட்டாது என்றார் அவர்.

அந்த வாரமே குழிகள் பெருகின. நடைபாதை ஓரம், ஊஞ்சலுக்குப் பின்னால், கல் பெஞ்சின் காலடியில். தோண்டியவன் தோண்டிய கையோடு, மூடாமலே போயிருந்தான். வாசலில் பூ விற்கும் கண்ணம்மாள் குழாயடிக்குப் போனவள் ஒரு குழியில் கால் விட்டு, கூடையும் மல்லிகையுமாகக் கவிழ்ந்தாள். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. தன் வீட்டு வாசலில் ஒருத்தி விழுந்ததைப் போலத்தான் கஸ்பாருக்கு இருந்தது.

இருக்காதா பின்னே. அந்த இடம் ஒரு காலத்தில் அவர்கள் வெங்காயம் காயப்போட்ட களம். அவருடைய தகப்பனார் சவரிநாதன் அதை ஊருக்கென்று நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தார். வாசல் வளைவில் அவர் பெயர் சிமெண்ட் எழுத்தில் நிற்கிறது. திண்டுக்கல் முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடிய அந்த வறண்ட வருஷங்களிலும், தன் வெங்காய மண்டிக் கிணற்றுத் தண்ணீரை டேங்கரில் அனுப்பி அந்தப் புல்லைக் காப்பாற்றியவர் கஸ்பார். புல்லைப் பெயர்த்தால் அவருக்குத் தோலைப் பெயர்த்த மாதிரி.

ஆள் ஒரு மத்தியானத்தில் அகப்பட்டான். சிலுவைமுத்துவின் மகன் பிரின்ஸ். குவைத்தில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன். காதில் ஹெட்போன், கையில் நீளக் கம்பு, கம்பின் நுனியில் சோற்றுத் தட்டு மாதிரி ஒரு வட்டம். அதைப் புல்லின் மேல் இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடந்தான். மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் அந்த மெஷின் கூவும். அங்கே கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் இதை வைத்து மோதிரமும் காசும் தேடுவார்களாம். இங்கே மலைக்கோட்டைப் பக்கம் பழைய செப்புக்காசு கிடைக்கும் என்று யாரோ அவன் காதில் ஓதியிருந்தார்கள்.

யாரைக் கேட்டுத் தோண்டுகிறாய் என்று கஸ்பார் கேட்டார். அவன் ஹெட்போனைக் கழற்றக்கூட இல்லை. ஒரு காதை மட்டும் விலக்கினான்.

"முனிசிபாலிட்டி பார்க்குங்க இது. உங்கப்பா குடுத்துட்டாருல்ல. குடுத்தது குடுத்ததுதான்."

"எங்கப்பா நடக்கக் குடுத்தாரு, உக்காரக் குடுத்தாரு. பன்னி கெளர்ற மாதிரி கெளறக் குடுக்கல."

அதற்குமேல் அவர் அவனோடு பேசவில்லை. நேரே நகராட்சிக்குப் போனார். பொறியாளர் நடுத்தரமான மனுஷன். யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர். தடை போட ஆதாரம் இல்லை, முறை வைத்துக்கொள்ளலாம் என்றார். முறையை நான் சொல்கிறேன் என்று கஸ்பார் நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

காவலாளிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே மெஷினைக் கொண்டுவர வேண்டும். மர வேரண்டை கை வைக்கக் கூடாது. புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, டப்பா மூடியைத் திறக்கிற மாதிரித் திருப்ப வேண்டும். அள்ளிய மண் சாக்கின்மேல்தான் விழ வேண்டும். அதே மண்ணை அதே குழியில் கொட்டி, மிதித்து, புல்லை மூடித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆணியும் தகரமும் வந்தால் அதையும் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கிடைத்த பொருள் எதுவானாலும், காவல் அறை முன்னால் பெஞ்சில், நாலு பேர் பார்க்க வைக்க வேண்டும். உரியவர் தெரிந்தால் அவர் கையில் ஒப்படைக்க வேண்டும்.

கடைசி முறைதான் அவனை உறுத்தும் என்று கஸ்பாருக்குத் தெரியும். பையில் போட்டுக்கொண்டு போகத்தானே வருகிறான். நினைத்தபடியே, மறுநாள் பூங்காவில் முறைகளைச் சொன்னபோது பிரின்ஸின் தாடை இறுகியது.

"எது கெடச்சாலும் காட்டணுமா?"

"எது கெடச்சாலும்."

"யாரு வீட்டுப் பொருளா இருந்தாலும்?"

"யாரு வீட்டுப் பொருளா இருந்தாலும்."

அன்றிலிருந்து சாயங்காலமானால் கஸ்பார் காவல் அறை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, முதுகு நாற்காலியில் சாயாது. பிரின்ஸ் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பெஞ்சில் வைப்பான். சோடா மூடி, லாட ஆணி, துருப்பிடித்த சைக்கிள் சாவி, வாயில்லாத பூட்டு. குவைத்தில் பத்து வருஷம் படித்த படிப்பு ஆணி பொறுக்கவா என்று அவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். அவனிடம் கேட்க மாட்டார். நடக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் மணிமேகலை டீச்சரின் தொலைந்துபோன தோடு கிடைத்தது. அவள் அவனைத் தம்பி தம்பி என்று வாழ்த்திவிட்டுப் போனாள். அன்று கஸ்பார் குழியைப் பார்க்கப் போய், புல்லின் விளிம்பு தூக்கியிருக்கிறது, மறுபடி மிதி என்று சொல்லிவிட்டு வந்தார். அவன் மிதித்தான். மிதிக்கும்போது புல்லைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தான்.

கஸ்பார் குடும்பம் அப்படிப்பட்டது. வாங்கிய பொருளுக்குப் பெயர் உண்டு, சொன்ன சொல்லுக்குப் பெயர் உண்டு. மகன் கிளெமென்ட்டின் கல்யாணத்தில் இரவல் போன அண்டாக்கள் திரும்பாமல் போனபோது, பெயர் வெட்டுகிறவனை வாசலில் உட்கார வைத்து, அடுப்படிச் சாமான் முழுவதிலும் 'ச. கஸ்பார்' என்று புள்ளி எழுத்தில் வெட்டச் செய்தார். சீனி டப்பா, சுண்ணாம்பு டப்பியைக்கூட விடவில்லை. எங்க வீட்டுக் கரண்டி தெருவில் கிடந்தாலும் எந்த வீட்டுக் கரண்டி என்று தெரிய வேண்டும் என்றார்.

அந்தக் கிளெமென்ட்தான் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. வேடசந்தூரில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். முன்பெல்லாம் பூங்காவின் மேற்குச் சுவரை ஒட்டி நிற்கும் மில் பஸ்ஸில்தான் வந்து இறங்குவான். சுவரில் இருக்கும் சிறிய வாசல் வழியே பூங்காவைக் கடந்து வீட்டுக்கு வருவான். போன ஈஸ்டருக்குப் பிறகு வரவில்லை. யார் கேட்டாலும் ராத்திரி ஷிஃப்ட் என்று கஸ்பார் சொல்வார். மருமகள் ரோசலினும் அதையே சொல்வாள். அவன் அங்கே வேறு ஒருத்தியோடு குடியிருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒரே வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஊருக்குள்ளும் அந்தச் சொல் இன்னும் நுழையவில்லை. அதை நுழையவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் கஸ்பாரின் அன்றாட வேலையாக இருந்தது.

தவக்காலம் தொடங்கியதிலிருந்து ரோசலினும் பூங்காவுக்கு நடக்க வந்தாள். மேற்குச் சுவர்ப் பக்கமாகவே நடப்பாள். வெளிக்காற்று பட்டால் நல்லதுதான் என்று அவர் விட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மெஷின் மேற்குச் சுவரோரம் கூவியது. சிறிய வாசலுக்கு உள்ளே, காலடிப் பாதையின் ஓரத்திலேயே. பிரின்ஸ் சாக்கு விரித்தான், புல்லைத் திருப்பினான், மண்ணை அள்ளினான். பிறகு குனிந்தவன் நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இருந்த சிரிப்பைக் கஸ்பார் தூரத்திலிருந்தே பார்த்தார்.

அவன் வேகமாக நடக்கவில்லை. கூட்டம் சேரட்டும் என்று நடந்தான். கையில் ஒரு பித்தளைச் சம்படம். மூடியைச் சுற்றிக் கறுப்புக் கயிறு. பெஞ்சில் வைத்துத் தன் சட்டை நுனியால் மண்ணைத் துடைத்தான். துடைத்த இடத்தில் புள்ளி எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

ஈஸ்வரன் இரண்டடி பின்னால் போனான். "தொடாதீங்கய்யா. எவனோ தகடு வச்சுருக்கான். சாக்கடையில தூக்கி எறிஞ்சுருவோம்."

"எறியக் கூடாதே" என்றான் பிரின்ஸ். "உரியவங்க தெரிஞ்சா கையில ஒப்படைக்கணும். மண்டிக்காரரு போட்ட முறை. பேரு வெட்டியிருக்கு, படிங்க."

யாரும் படிக்கவில்லை. படிக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த எழுத்து விழுந்த கரண்டியில் பரிமாறிச் சாப்பிட்டவர்கள்தான் அங்கே பாதிப் பேர். கஸ்பார் எழுந்தார். எழும்போது கூட்டத்தின் ஓரத்தில் ரோசலின் நிற்பதைப் பார்த்தார். முந்தானையைக் கையில் சுருட்டி வாயில் வைத்திருந்தாள். அவ்வளவுதான். மேற்குச் சுவரும், மில் பஸ்ஸும், தவக்கால நடையும் அவருக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டன. செம்பட்டிப் பக்கம் ஒரு மந்திரவாதி இருக்கிறான் என்று வேலைக்காரி பேச்சாயி அடுப்படியில் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் ஒன்றாவது இருந்திருந்தால் ரோசலின் அதை எடுத்திருப்பாள். ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை.

களவு போன சம்படம் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். முக்கால்வாசிப் பேர் நம்பவும் நம்புவார்கள். ஆனால் அப்புறம் எவன் வைத்தான் என்ற கேள்வி வீடு வீடாக ஏறி இறங்கும். எவள் முகம் வெளுத்தது என்று தேடும். தேடினால் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

அவர் சம்படத்தை வெறுங்கையால் எடுத்தார். கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். கயிற்றை அறுத்து, மூடியைத் திருகி, எல்லாரும் பார்க்கிற மாதிரிச் சாய்த்துப் பிடித்தார். சுருட்டிய செப்புத் தகடு, மிளகு போலச் சுண்டிய எலுமிச்சை, ஒரு கொத்து முடி, கிழித்த காக்கி மில் சட்டைப் பை.

"யாரு குடியக் கெடுக்கங்க இது?" என்றான் பிரின்ஸ். "எங்க வீடும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கந்தான் இருக்கு."

"எவன் குடியையும் கெடுக்க இல்ல. சம்படம் எங்க வீட்டுது. வச்சது நானு." கஸ்பார் குரலை உயர்த்தவில்லை; தாழ்த்தவும் இல்லை. "எம் மகன் கிளெமென்ட் வேடசந்தூருல வேற வீடு வச்சுருக்கான். அவன் வீடு திரும்பணும்னு வச்சேன்."

ஊருக்குள் வராமல் மாதக்கணக்கில் பிடித்து நிறுத்திய சொல்லை, தன் தகப்பன் பெயர் போட்ட பூங்காவில், தன் வாயாலேயே அவர் விட்டார்.

பிரின்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை. வாய்க்கு வந்த கேள்வியையெல்லாம் கல்லாக எறியத் தொடங்கினான். ராத்திரி ஷிஃப்ட் என்றீர்களே என்றான். சொன்னேன் என்றார். கோவிலில் முன் வரிசையில் உட்காருகிறவர் மந்திரவாதியிடம் போகலாமா என்றான். அதற்குப் பங்குச் சாமியாருக்குப் பதில் சொல்லிக்கொள்வேன், உனக்கு அல்ல என்றார். நாளை ஞாயிறு. முன் வரிசையில் தன் இடம் நாளையிலிருந்து காலியாக இருக்கும் என்பதை அப்போதே அவர் முடிவு செய்திருந்தார்.

அவன் கடைசிக் கல்லை எடுத்தான்.

"தோண்டுறதுக்கு என்னையக் காவலாள்கிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னீங்க. பொதைக்கறதுக்கு நீங்க யாரைக் கேட்டீங்க?"

கூட்டம் அவர் வாயைப் பார்த்தது. கேள்வி நியாயமானது. பதில் இல்லாத கேள்விக்குப் பதில் இருக்கிற மாதிரி நடிக்கிற பழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை.

"கேக்காமப் பொதைச்சது தப்பு. அதுக்குத் திங்கக்கெழம எஞ்சினியர்ட்டப் போயி நின்னுக்குறேன்" என்றார். "ஆனா பொதைச்ச எடம் மூடித்தான் இருந்துச்சு. இத்தன நாளா எவன் காலும் உள்ள போகல. நீ இப்பத் தோண்டுன குழி தொறந்து கெடக்கு. போயி மூடு."

பிரின்ஸ் நின்றான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். வாசலில், இன்னும் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பூ கட்டும் கண்ணம்மாள், "அதான் சொல்றாருல்ல, மூடிட்டு வாப்பு" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. யாரும் அவன் பக்கம் நகரவும் இல்லை.

அவன் போனான். கஸ்பாரும் பின்னாலேயே போய் மேற்குச் சுவரோரம் நின்றார். மண் சாக்கிலிருந்து குழிக்குப் போனது. காலால் மிதித்தான். இன்னும் இரண்டு மிதி என்றார். புல்லைத் திருப்பி மூடினான். தண்ணீர் என்றார். குழாயடிக்குப் போய் வாளியில் கொண்டுவந்து, பாதியை அவர் வேட்டியில் தெறிக்கும்படி ஊற்றினான். அவர் வேட்டியைத் தட்டிவிடவில்லை. புல் படிந்திருக்கிறதா என்று செருப்பு நுனியால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ரோசலின் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். மாமா என்று ஒரு சொல் மட்டும் வெளியே வந்தது. சம்படத்தை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"நீ முன்னால நட" என்றார்.

அவள் முன்னால் நடந்தாள். அவளுக்கும் ஊர்க் கண்ணுக்கும் நடுவே அவருடைய அகன்ற முதுகு போயிற்று. வளைவின் கீழே வரும்போது சம்படத்தை வேட்டி மடிப்பில் ஒளிக்கவில்லை. பெயர் வெட்டிய பக்கம் வெளியே தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல், தெருவில் இறங்கினார்.