நல்ல கை

நாடாவின் முடிச்சு அவிழவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தாள், பல்லைக்கூட வைத்துப் பார்த்தாள். கடைசியில் கத்தரிக்கோலை எடுத்துவந்து அப்பாவின் மணிக்கட்டுக்கும் கையை மூடியிருந்த பஞ்சு உறைக்கும் நடுவில் நுழைத்தாள். ஆட்கள் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். செத்த மனிதரின் நல்ல கையைக் கட்டிப்போட்டது யார் என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும்.

"பார்த்து. தோல்ல பட்டுடப் போகுது," என்றாள் அம்மா, அறை வாசலில் நின்றபடி.

அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். மூளையில் மறுபடியும் ரத்தக் கசிவு, சில நிமிடங்களில் முடிந்திருக்கும் என்று சொன்னாராம். அம்மா போனில் சொன்னதிலிருந்து அந்தச் சில நிமிடங்கள்தான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் அப்பா எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்திருப்பார். கட்டிலின் விளிம்பை, தலைமாட்டு மணியை, அம்மாவின் புடவையை. எந்தக் கையால்?

காலம் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். போன வருடம் வந்த பக்கவாதம் வலது கையை எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகத்து மூளை மருந்தியல் ஆய்வகத்தில் அவள் செய்கிற வேலையும் அதைப் பற்றியதுதான். முன்னங்கால் ஒன்று செயலிழந்த எலிக்கு, நன்றாக இருக்கும் காலைத் துணியால் கட்டிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் எலி செயலிழந்த காலை ஊன்றும். கூடவே மருந்தும் போகும்போது மூளை தனக்குள் புதுப் பாதை வெட்டிக்கொள்ளும். அந்த மருந்து மனிதர்களுக்கு வர இன்னும் எவ்வளவோ காலம் ஆகும். ஆனால் கட்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்? பஞ்சு வைத்து அவளே ஓர் உறை தைத்தாள். தினமும் காலையில் அப்பாவின் இடது கையில் மாட்டி, நாடாவை இறுக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

"மத்தியானம் நான் வர்ற வரைக்கும் அவிழ்க்கக் கூடாதும்மா. கெஞ்சுவாரு. காதுல வாங்காதே."

"எலி டாக்டரே," என்பார் அப்பா. "எலிக்காவது கட்டைக் கடிச்சுப் போடப் பல்லு இருக்கு. எனக்குப் பல்செட்டு."

தினம் ஒரு சாக்கு. அரிக்கிறது, கொசு கடிக்கிறது, வயிறு சரியில்லை. இன்று காலை, "தலை என்னவோ போல இருக்கும்மா, இன்னிக்கு ஒரு நாள் விடேன்" என்றார். "மூளை வேலை செய்யுதுப்பா, அதான்," என்று சிரித்தபடி அவள் நாடாவை இழுத்துக் கட்டினாள்.

நாடா அறுந்தது. உறையை உருவிப் புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள். அப்பாவின் கையை எப்படி வைப்பது என்று தெரியவில்லை. மார்மேல் வைத்தாள், பிறகு பக்கவாட்டில் நீட்டிவைத்தாள்.

போன் அடித்தது. ஆய்வகத்திலிருந்து ஒல்லி. அவளிடம் ஆய்வு செய்யும் மாணவி, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அக்கா, எங்கே போயிட்டீங்க? காலையில திரையில ஏறின கோடு இறங்கவே இல்லக்கா. மருந்து பிடிச்சிருச்சு!"

பிராணவாயுக் குமிழிகள் ஓடும் உப்பு நீரில் எலி மூளையின் மெல்லிய துண்டு ஒன்றை வைத்துவிட்டு அப்படியே எழுந்து வந்திருந்தாள். எலி காலையிலேயே போய்விட்டது. துண்டு மட்டும், ஒவ்வொரு முறை மின்சாரம் தொடும்போதும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 'செத்துப்போன விஷயத்தை இதுக்கு யாரும் சொல்லல போல' என்பது ஒல்லியின் வழக்கமான நகைச்சுவை.

"நீயே பாத்துக்கோ. நிறுத்தாதே."

"குரல் என்னக்கா ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வீட்டுல வேலை."

கூடத்துக்கு வந்தாள். மேசையைச் சுவரோரம் தள்ளினாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடி அறைக்குப் போனாள்.

"அவரு ஏதாவது கேட்டாராம்மா? அவிழ்த்துவிடச் சொன்னாரா?"

"அண்ணன் கிளம்பிட்டானான்னு கேளு. பிளாஸ்டிக் நாற்காலிக்காரனுக்குச் சொல்லியாச்சா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

அம்மா தலையணையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

சமையலறைக்குப் போய் உறையை வெளியே எடுத்தாள். குப்பையில் போடவா, எரித்துவிடவா? உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். பஞ்சு மடிப்பில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. பூண்டுத் தோல். முகர்ந்து பார்த்தாள். உறை முழுக்கப் பூண்டு வாசனை, நாள்பட்டு ஊறிய வாசனை.

அம்மா பின்னாலேயே வந்திருந்தாள்.

"இது எப்படிம்மா உள்ள வந்துச்சு?"

அம்மா குழாயைத் திறந்தாள். பிறகு மூடினாள்.

"நீ தெருமுனை திரும்பினதும் அவிழ்த்துடுவேன்."

"இன்னிக்கா?"

"தினமும்தான்."

குளிர்சாதனப் பெட்டி உறுமி ஓய்ந்தது.

"மனுஷன் முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படிடி இருக்கிறது? சும்மா உட்கார வேணாம்னு பூண்டைக் கொடுத்தேன். இடது கையால பிடிச்சுக்கிட்டு வலது கையால தோலைத் தள்ளுவாரு. முதல்ல ஒரு பல்லு உரிக்கிறதுக்குள்ள எனக்குச் சோறே வெந்துடும். அப்புறம் பழகிடுச்சு. எல்லாத்துக்கும் பூண்டையே போட முடியுமா? பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன். நீ வர்ற நேரத்துக்கு மாட்டிவிடுவேன். 'எலி டாக்டர் வர்றா, விலங்கை மாட்டு'ம்பாரு."

அப்பாவின் வலது கை கரண்டியைப் பிடித்த அன்று அவள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அதைச் சொல்லித் தீர்த்தாள். பேராசிரியர்கூட எழுந்துவந்து கைகொடுத்தார். அங்கே கட்டைக் கடித்து அவிழ்த்துக்கொண்ட எலிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முடிவைக் கெடுத்துவிடும் என்று தனிக் கூண்டில் ஒதுக்கிவிடுவார்கள்.

"அப்போ இன்னிக்கு மட்டும் ஏன் கையில இருந்துச்சு?"

"டாக்டர் போனப்புறம் நான்தான் மாட்டினேன்."

"போனப்புறமா?"

"நீ வந்து பார்த்தா கோவிச்சுப்பியேன்னு... என்ன பண்றேன்னே தெரியலடி. மாட்டிட்டேன். அவசரத்துல கடுமுடிச்சா விழுந்துடுச்சு."

அவளுக்குள் இறுகியிருந்த ஏதோ ஒன்று சட்டென்று தளர்ந்தது. கை கட்டில் இல்லை. அவிழ்ந்துதான் இருந்திருக்கிறது. மூச்சு முழுதாக வந்தது. அப்படி வந்ததற்காகவே கூச்சமாகவும் இருந்தது. அதன் பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே எதுவும் தளரவில்லை.

"கூப்பிட்டாருடி," என்றாள் அம்மா. "நான் மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன். 'இதோ வர்றேன்'னேன். எப்பப் பார்த்தாலும் கூப்பிடுவாரே, கண்ணாடி எங்கே, ஃபேனைக் குறைன்னு. அந்த மாதிரிதான்னு நெனச்சு இன்னும் ரெண்டு துணி எடுத்தேன்."

நீ உடனே வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அது உண்மையும்கூட. ஆனால் அதையே வரும் வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள் அவள்; அது உதவவில்லை. சொல்லவில்லை.

"மேல இன்னும் இருக்காம்மா துணி?"

"விரிப்பெல்லாம் கிடக்கு."

பக்கத்து வீட்டு அக்கா வந்து அப்பாவின் அருகே உட்கார்ந்ததும் இருவரும் மாடிக்கு ஏறினார்கள். காற்று பலமாக வீசியது. வெள்ளை விரிப்பு கொடியில் சுருட்டிக்கொண்டு விடுவித்துக்கொண்டு இருந்தது. இவள் இரண்டு முனைகளைப் பிடித்தாள், அம்மா இரண்டு முனைகளை. உதறி இழுத்தார்கள். நெருங்கிவந்து முனைகளைச் சேர்த்தார்கள், விலகினார்கள்.

கீழே வாசலில் வண்டி வந்து நின்றது. "வீட்டுல யாருங்க? நாற்காலி எங்கே இறக்கட்டும்?"

"இதோ..." என்று அம்மாவின் வாய் திறந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"வர்றோம்," என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள் மகள். விரிப்பு இருவருக்கும் நடுவில் காற்றில் உப்பியது. முனைகளை இருவருமே விடவில்லை.