சைபரை முழுங்கின டப்பா

1

உண்மையச் சொல்லிடறேன், இது கதையா ஆரம்பிக்கல. புதுசா புரோகிராம் கத்துக்கிறவங்களுக்கு வேரியபிள்னா என்னன்னு நாலு வரி எழுத உட்கார்ந்தேன். "வேரியபிள்ங்கறது பேர் ஒட்டின ஒரு டப்பா"ன்னு எழுதினேன். யார் வீட்டு டப்பான்னு எனக்கே கேள்வி வந்துடுச்சு. அப்படி வந்து சேர்ந்தவர்தான் லாண்டிரிக்காரர்.

2

ஒரு மழை நாளில் லாண்டிரிக்காரர்...

(வேணாம். மழை பெஞ்சா துணி காயாது.)

கடையில டோக்கன் நோட்டு பதினெட்டு வருஷமா அவர் சம்சாரம் கையில; கடைக்கு வர்றவங்களுக்கு அவங்க 'அம்மா'. இவர் மூணு மாசம் வீடியோ பாத்து, நோட்டுக்குப் பதிலா ஒரு புரோகிராம் எழுதிட்டார்.

"ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. சொதப்பினா இந்தக் கம்ப்யூட்டர் கடையில இருக்கக் கூடாது."

"சரிம்மா. இங்க பாரு, 'டோக்கன்'னு ஒரு டப்பா. எண் வகை. எழுத்து அடிச்சா வாங்காது. கெட்டிக்கார டப்பா!"

"யார் செஞ்சது... அப்படித்தான் இருக்கும்."

3

ஒரு சிவப்புத் திரைச்சீலை துவைக்க வந்துச்சு. அம்மா நோட்டைப் பாத்து அதுக்கு 012ன்னு சொன்னாங்க. இவரும் 012ன்னுதான் அடிச்சார். டப்பா 12ன்னு வச்சுக்கிச்சு. எண்ணுக்கு முன்னாடி சைபர் எதுக்குன்னு அதுக்கு நினைப்பு. இவருக்கும் அதே நினைப்பு.

(இங்கதான் இவர் மேல எனக்குச் சந்தேகம். பதினெட்டு வருஷத்துல அந்த சைபர் எதுக்குன்னு ஒரு தடவைகூடவா கேக்க மாட்டார்? என் வீட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டினேன். "கேக்க மாட்டார்"னு பட்டுனு சொன்னா. அப்படியே விட்டுட்டேன்.)

முன்னாடி சைபர் இருந்தா அது சாயம் போற துணி, தனியா துவைக்கணும். அம்மா வச்ச குறி அது. இவர் திரையில 12ஐப் பாத்துட்டு, அந்தச் சிவப்புத் திரைச்சீலையை பல் டாக்டரோட ஆறு வெள்ளைக் கோட்டோட சேத்து மெஷின்ல போட்டுட்டார்.

4

"ஏங்க... ஏழும் ஒரே குடும்பம் மாதிரி இருக்கே!"

"சைபரை முழுங்கிடுச்சும்மா. எண் வகைக்குப் பதிலா எழுத்து வகையா வச்சிருந்தா 012 அப்படியே நின்னிருக்கும்."

"டப்பாவை ஏங்க சொல்றீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை..."

முடிவு ஒண்ணு: டாக்டர் குழந்தைங்களுக்குப் பல் பாக்கறவர், ரோஸ் கோட்டப் பாத்து சந்தோஷத்துல...

(கோடு போட்டு அடிச்சுட்டேன். எந்த டாக்டரும் அப்படி இல்ல.)

முடிவு ரெண்டு: அம்மா கம்ப்யூட்டரை மூட்டை கட்டி...

(எழுத மனசு வரல. மனுஷன் கண்ணு எரியப் படிச்சிருக்கார்.)

5

அதுக்குள்ள டாக்டரே வந்துட்டார். "கோட்டெல்லாம் ரெடியா?"

திரையில 'துணி ரெடியா'ன்னு இன்னொரு டப்பா. இவர் செஞ்சதுதான். ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ணுதான் உள்ள போகும். "துவைச்சாச்சு, ஆனா..."ங்கறதுக்கு அதுல எடமில்ல.

அம்மா கோட்டு மூட்டையை மேசைக்கடியில தள்ளினாங்க. கீபோர்டை இவர் பக்கம் தள்ளினாங்க. "நீங்களே சொல்லுங்க. நான் வாயத் திறக்கல."

இவர் விரலைத் தூக்கியாச்சு. என்ன அடிக்கறதுன்னு எனக்கும் தெரியல. நீங்க அடிங்க. 'ஆம்'னு அடிக்கறவங்க, அந்த மூட்டையை டாக்டர் முன்னாடி பிரிக்கற வேலையையும் நீங்களே பாத்துக்கோங்க.