கோல்கீப்பரும் டிரம்ஸ்காரியும்

பல் செட் செய்கிற இடத்தில் கைக்குத்தான் ஓயாத வேலை, காது சும்மாதான் இருக்கும். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பொழுது போய்விடும். அதனால் அங்கே ஆளுக்கொரு இயர்போன். ஒருத்தி சமையல் குறிப்பு கேட்பாள், இன்னொருவர் பங்குச் சந்தை கேட்டுப் பெருமூச்சு விடுவார். மூலை மேசையில் மெழுகோடு உட்கார்ந்திருந்த அவள் கேட்டது காதல் கதை. அதுவும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளின் காதல் கதை.

நாற்பதைத் தாண்டியவளுக்கு இது என்ன கிறுக்கு என்று யாராவது கேட்டிருந்தால் அவள் திருதிருவென்று விழித்திருப்பாள். போனில் கதை கேட்கிற ஆப்பில், இளையோர் பகுதியில் ஏதோ ஒன்றைக் கை தவறித் தொட்டதில் ஆரம்பித்தது. முதல் கதையின் கடைசி அத்தியாயத்தில் அழுதே விட்டாள். எதற்கெடுத்தாலும் பல்லை நறநறவென்று கடிக்கிறதால் 'கடவாய்' என்று பெயர் வாங்கிய முதலாளி, கண்ணில் என்ன என்று கேட்டார். மெழுகுப் புகை என்றாள். அதன் பிறகு ஒன்று முடிந்தால் இன்னொன்று. அந்தப் பிள்ளைகள் சண்டை போட்டால் இவளுக்குச் சோறு இறங்காது, சேர்ந்துவிட்டால் நாள் முழுக்க முகத்தில் ஒரு வெளிச்சம்.

இப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு கோல்கீப்பரும் டிரம்ஸ் வாசிக்கிறவளும். இரண்டு பேரும் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறார்களே என்று அவளுக்கு ஒரே ஆத்திரம்.

அன்று சாயங்காலம் கணவர் காரில் அழைத்துப் போக வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக், அந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி. அவள் அங்கேதான் உட்காருவாள். பின்னால் மகள், கால்பந்துக் காலணியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். வெளியூரில் நடக்கிற கால்பந்து அணித் தேர்வு முகாமுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள், அந்த வாரக் கடைசியில் கிளம்ப வேண்டும். அப்பா சரி என்று சொல்லியிருந்ததே பெரிய விஷயம்.

அம்மா, மகள் இருவர் போனையும் அந்தக் காரின் புளூடூத்துக்குத் தெரியும். வண்டி நகர்ந்ததும், கைப்பைக்குள் நிறுத்தி வைத்திருந்த கதை தானாகக் காரின் ஸ்பீக்கரில் ஓட ஆரம்பித்தது. 'கையுறையைக் கழற்றிவிட்டு அவள் என் கன்னத்தைத் தொட்டாள். இவ்வளவு நாள் ஏன் காத்திருந்தோம் என்று கேட்டாள். நான் அவளை முத்தமிட்டேன்.'

அவள் கால் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது, பின்னால் வந்தவன் ஹாரனில் திட்டினான். கணவர் கையை நீட்டிப் பாட்டை நிறுத்துகிறாற்போல நிறுத்தினார். பிறகு திரும்பிப் பார்த்தார், அவளை அல்ல, பின்னால் இருந்த மகளை. பள்ளிப் பெண்கள் கதை, கையுறை போட்டுப் பந்து பிடிக்கிறவள் கதை, வேறு யாருடையதாக இருக்கும்?

"உன்னோடதா?"

தன் பக்கத்துக் கண்ணாடியில் மகளின் முகம் அவளுக்குத் தெரிந்தது. மகள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு, அது உன்னுடையதுதான் என்று சொல்லிவிடு என்று அவள் மனசு அடித்துக்கொண்டது, வாய் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"ஆமாம்பா," என்றாள் மகள்.

வீடு வரைக்கும் கணவர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. இதற்குத்தான் முகாமா, எல்லாப் பெண்களும் ஒரே அறையில் தங்குகிற முகாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். போக வேண்டாம் என்றார். மகளின் போனை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்கவே வெட்கமாக இருந்தது. மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்மா. துணி மடிக்கும்போது அதைக் கேட்டு நீயா சிரிப்ப. வேற எதுக்கும் நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. அதையும் எடுத்துட்டா உனக்கு என்னம்மா இருக்கு?"

பெற்றவளுக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. தன் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

கணவர் சாப்பாட்டு மேசையில் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று, அந்தக் கதை தன்னுடையது என்றாள். அவர் நம்பவில்லை, சிரிக்கக்கூடச் செய்தார். பிள்ளையைக் காப்பாற்றுவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம், இந்த வயசில் நீ கேட்கிற கதையா அது என்றார். தன் போனை எடுத்துக் காட்டினாள். வரிசையாக அத்தனை கதைகள். பிள்ளைதான் உன் போனில் கேட்டிருப்பாள் என்றார்.

சும்மா சொன்னால் எடுபடாது என்று அவளுக்குப் புரிந்தது. உள்ளதைச் சொன்னால்தான் உண்டு. அதை அவள் தனக்கே ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துல எனக்கு ஒருத்தியைப் பிடிச்சிருந்துச்சு. அவளுக்கும் என்னை. தெரிஞ்சதும் அவங்க வீட்ல ஊரையே மாத்திட்டாங்க. இந்தக் கதைங்கள்ல யாரும் யாரையும் விட்டுட்டுப் போறதில்ல. அதான் கேக்குறேன்."

டம்ளர் உருளுவது நின்றது. அவர் அவளைப் பார்த்த விதத்தில், இந்தத் தடவை நம்பிவிட்டார் என்று தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து மகளின் போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"அவ போகட்டும்," என்றார்.

அவளுக்கு உயிர் வந்தது. போனை எடுத்துக்கொண்டு திரும்பப் போனவளை அவர் குரல் நிறுத்தியது. சின்னக் குரல், அவருடையது போலவே இல்லை.

"அப்போ நான்?"

கதையில் வருகிற பெண்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிடும். அவள் தேடித் தேடிப் பார்த்தாள். பொய் சொல்ல இனிமேல் மனசு வரவில்லை, அவரை நோகடிக்கவும் வரவில்லை.

"நீங்க நல்லவருங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அவர் கேட்டது அது இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.