நாற்பத்தெட்டுக் கால்கள்

என் மனைவி பத்மாதேவியின் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் இதுதான். பதினெட்டு வருடம் ரேடியோ திருத்தியவன் நான். அவள் என் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியவள். கைத்தொலைபேசிகள் பெருகியபின், கண்டியில் கடை வைத்திருந்த ஜவாஹிர், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பழுதான போன்களை அனுப்பத் தொடங்கினார். உள்ளே இருக்கும் சிப்புக்கு மயிரளவு மெல்லிய கால்கள். நான் ஈயம் பற்றவைத்தால் இரண்டு கால் ஒட்டிக்கொள்ளும். அவள் பற்றவைத்தால் போன் பேசும். "அண்ணே, பாஸ் இருக்காங்களா?" என்றுதான் ஜவாஹிர் என்னிடமே கேட்பார். எங்கள் ஊரில் பாஸ் என்றால் தொழில் தெரிந்தவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வேலை செய்யும்போது எதிர்க் கதிரையில் இருந்து பிழை பிடிக்கப் பார்ப்பேன். சிப்பை வைத்து, ஈயம் பிடிப்பதற்கான பசை பூசி, கால்களெல்லாம் ஒரே கட்டியாகும்படி ஈயத்தை இழுத்துவிடுவாள். கெடுத்துவிட்டாள் என்று மனம் குளிர்ந்து தேநீர் போடப் போவேன். திரும்பி வந்தால் போன் வேலை செய்யும். அதிர்ஷ்டம் என்பேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 2008இல் ஒரு காலை வீடு வீடாகச் சோதனை நடந்தது. மேசையில் கிடந்த வயர்களையும் பிரித்த போன்களையும் பார்த்த பொலிஸ்காரர், இங்கே பாஸ் யார் என்று சிங்களத்தில் கேட்டார். பத்மா வாய் திறப்பதற்குள் நான்தான் என்றேன். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னதாகப் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையில், அந்தக் கேள்வியை ஒருவராவது என் முகத்தைப் பார்த்துக் கேட்கமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே என் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் குரல்கள் மாறின. போன் திருத்துகிறாயா, குண்டுக்கு வயர் பூட்டுகிறாயா என்றார் அதிகாரி. திருத்துகிறேன் என்றேன். அப்படியானால் திருத்திக் காட்டு என்று, எங்கள் மேசையிலிருந்து அள்ளிவந்த ஒரு போனையும் ஈயம் பற்றவைக்கும் சாமான்களையும் முன்னால் வைத்தார். சிப்புக்கு நாற்பத்தெட்டுக் கால்கள். பத்மா செய்வதை நினைத்துக்கொண்டு பசை பூசினேன், ஈயத்தை இழுத்தேன். எல்லாக் கால்களும் ஒரே கட்டியாயின. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

இவன் பொய்க்காரன், விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பு என்றார் அதிகாரி. பாஸ் நானில்லை, என் மனைவி என்றேன். அந்த நேரத்திலும் அதைச் சொல்லக் கசந்தது.

ஆள் அனுப்பி அவளை அழைத்து வந்தார்கள். நான் ஆக்கிவைத்த ஈயக் கட்டியைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து பின்னிய செப்புக் கம்பியை எடுத்துக் கால்களின்மேல் வைத்துச் சூடுகாட்டி இழுத்தாள். மிஞ்சிய ஈயமெல்லாம் கம்பியில் ஏறியது. கால்கள் தனித்தனியாகப் பிரிந்தன. போன் ஒளிர்ந்தது. அதிகாரி அவளுக்குக் கதிரை போடச் சொன்னார். என்னைப் போகச் சொன்னார்.

இருவரும் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். "அரைவாசி வேலையை நான்தானே செய்தனான்" என்றேன்.

"ஓம்," என்றாள். "நான் ஈயம் பூசினவுடனை சிரிச்சுக்கொண்டு எழும்பிப் போயிடுவியள். மிச்சத்தை ஒருநாளும் இருந்து பாக்கேல்லை."

தலை நிமிராமல் வேலை செய்கிறவள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என் சிரிப்பை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறாள்.