சான்றிதழ் இலக்கம்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முன்னர் மெலனிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். வேலை தெரியாமல் இல்லை. ஓர்ஸ் ஹில்லில் மஹ்ரூபின் சின்னக் கணினி நிறுவனத்தில் பயிலுநர் என்ற பெயரோடு இரண்டு வருடம் குந்தியிருந்து, டோஹாக்காரரின் களஞ்சியங்களுக்கான மென்பொருளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எழுதியவளே அவள்தான். எந்தப் பெட்டி எந்தத் தட்டில், எந்த லொறி எந்த வாசலில் என்பதெல்லாம் அவள் எழுதிய நிரல் சொல்வதுதான். இப்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம் பார்த்து அந்தத் துரைமாருக்கு ஞானம் பிறந்துவிட்டது. மென்பொருளுக்குப் பொறுப்பாக இருப்பவரிடம் கிளவுட் கணிமைச் சான்றிதழ் இருக்க வேண்டுமாம். எடுத்தால் மெலனிக்கு வேலை நிரந்தரம். எடுக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

"எனக்குத் தெரியும் புள்ள, உங்கள விட்டா இதப் பாக்க ஆளில்ல," என்றார் மஹ்ரூப். "ஆனா அவங்களுக்குக் கடதாசி வேணும்."

கடதாசி. இரண்டு வருட வேலை கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்க மாட்டார்களாம்.

கொழும்புப் பரீட்சை நிலையத்தில் அந்தக் கிழமை முழுவதும் இடம் இல்லை. வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள், ஆனால் சட்டங்கள் ஒரு முழம். லப்டொப் கமரா முழுநேரமும் திறந்திருக்கும், எங்கேயோ இருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள். அறைக்குள் வேறு ஆள் கூடாது, பேச்சுக் கூடாது, மூன்று எச்சரிக்கையோடு பரீட்சை ரத்து. உப்புவெளியில், கூப்பிட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கிற வீட்டில் இது நடக்கிற காரியமா?

புதன்கிழமை இரவே மெலனி தன் தாய் ஐவிக்கு வகுப்பெடுத்தாள்.

"அம்மா, கமராவிலை ஒருத்தரும் தெரியக் கூடாது. ஒரு சத்தமும் கேக்கக் கூடாது. விளங்கினதோ?"

"ஓம் ஓம். நான் என்ன சின்னப் பிள்ளையே?"

வியாழன் காலை தகப்பன் பேணாட் கேற்றடியில் காவலுக்கு நின்றார். மீன்காரனைத் திருப்பி அனுப்பினார். நாயைப் பக்கத்து வீட்டில் கட்டினார். பத்து மணிக்குப் பரீட்சை தொடங்கியது.

மெலனிக்குக் கேள்வியை வாய்க்குள் முணுமுணுத்தால்தான் தலைக்குள் போகும். ஏழாவது கேள்வியிலேயே திரையில் விழுந்தது: உதடு அசைகிறது, முதலாவது எச்சரிக்கை. இருபத்திரண்டாவது கேள்வியில் பாண் விற்கிற ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. பேணாட் நடுறோட்டில் கையை விரித்து மறித்ததில் அது வாசலிலேயே நின்று பாடியது. இரண்டாவது எச்சரிக்கை. மெலனி பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள். கேள்விகள் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. நாற்பத்தெட்டு முடிந்து, இன்னும் பதினேழு.

குசினியில் ஐவிக்கு அப்போதுதான் நெஞ்சு பக்கென்றது. ஓ எல், ஏ எல், பல்கலைக்கழகம் என்று மகள் எந்தச் சோதினைக்குப் போனாலும், வாசற்படியில் மறித்து அந்தோனியார் எண்ணெயில் சிலுவை போட்டுத்தான் விடுவாள். இன்றைக்குப் பிள்ளை வாசற்படி தாண்டவே இல்லையே, எப்படி நினைவு வரும்? மனம் கேட்கவில்லை. மகள் சொன்ன சட்டம் இரண்டையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தெரியக் கூடாது, கேட்கக் கூடாது. அவ்வளவுதானே. மூட்டுவலியைப் பொருட்படுத்தாமல் முழந்தாளில் தவழ்ந்து, கதவைச் சத்தமில்லாமல் தள்ளி, மேசைக்கு அடியால் போனாள். நெற்றிக்கு எட்டாது என்பதால் எண்ணெயைப் பாதத்தில் பூசினாள்.

காலில் ஏதோ ஈரமாய் ஊர்ந்ததும் மெலனி "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டு துள்ளி எழும்பினாள்.

திரை வெள்ளையானது. மூன்றாவது எச்சரிக்கை. பரீட்சை ரத்து. மேன்முறையீட்டுக்குப் பதில் பத்து வேலை நாட்களில்.

மேசைக்கு அடியிலிருந்து ஐவி கேட்டாள். "நான் தெரியேல்லைத்தானே பிள்ளை?"

வந்த கோபத்துக்கு மெலனி லப்டொப்பைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பாள். தாயைப் பார்த்தாள். எண்ணெய்க் கையோடு எழும்ப முடியாமல் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனுசியை என்னவென்று ஏசுவது? யாரையும் ஏச முடியாததுதான் இன்னும் எரிந்தது.

மறுநாள் அவள் அலுவலகத்துக்குப் போனபோது அவளுடைய கதிரையில் நுஸ்கி இருந்தான். மஹ்ரூப் அவசரமாகப் பிடித்துவந்த கந்தளாய்ப் பெடியன், ஐந்து கிளவுட் சான்றிதழ் வைத்திருப்பவன். அவளைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் தந்தான். நல்ல பிள்ளை வேறு, வெறுக்கவும் வழியில்லை.

மஹ்ரூப் ஒப்பந்தப் படிவத்தை நீட்டினார். "படிவத்துல நுஸ்கிட பேர் போகட்டும். வேலைய நீங்களே பாருங்க, இப்ப மாதிரியே. அடுத்த வருஷம் பாப்பம்."

"இப்ப மாதிரியே எண்டால், பயிலுநராவோ சேர்?"

நுஸ்கிதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அக்கா, எனக்கு இதுல ஒண்டும் வெளங்கல்ல. நான் பழைய கேள்வியளப் பாடமாக்கித்தான் எல்லாம் பாஸ் பண்ணினேன்."

மெலனி படிவத்தைப் பார்த்தாள். முதற் பக்கத்தில் பெயர், சான்றிதழ் இலக்கம், காலாவதித் திகதி. மற்ற எட்டுப் பக்கமும் மென்பொருள் எப்படி இயங்குகிறது என்ற விபரம்.

"இதை ஆர் செய்தது எண்டு எங்கை போடுறது, சேர்?"

மஹ்ரூப் படிவத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "அப்பிடி ஒரு கட்டம் இல்லையே புள்ள. மத்தப் பக்கங்கள நீங்கதான் நிரப்பணும். நாலு மணிக்குள்ள அனுப்பணும்."

இரண்டு வருடமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்ததை மெலனி வெளியே விட்டாள்.

"என்ரை பேரையும் போடுங்கோ. நிரப்பித் தாறன்."

"இலக்கம் இல்லாம பேரப் போட்டா ஒப்பந்தம் போயிடும்."

"போடாட்டி நான் போறன்."

மஹ்ரூப் கடதாசியைப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

மெலனி பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். வீட்டில் என்ன சொல்வது, அடுத்த மாதம் எங்கே போவது, ஒன்றும் தெரியவில்லை. பின்னால் தடதடவென்று யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. கூப்பிட வருகிறார்கள் என்று ஒரு கணம் அவள் படியிலேயே நின்றாள்.

நுஸ்கி. கையில் படிவம்.

"அக்கா, ரெண்டாம் பக்கத்த மட்டுமாவது சொல்லித் தந்திட்டுப் போறீங்களா?"

"பாடமாக்கினதை எழுதுங்கோ தம்பி," என்றுவிட்டு அவள் இறங்கிப் போனாள்.